இரண்டாவது பெயர்

(நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



விடுதி நாட்களில் இலங்கை வானொலியில் பழைய பாடல் போகும்போது "இசை விஸ்வநாதன் ராமமூர்த்தி" என்று அறிவிப்பாளர் சொல்வார். வெகுகாலம் அது ஒரே ஆளின் பெயர் என்றே நாம் நினைத்திருந்தோம்.

அவர்கள் இருவர். திருச்சி டி. கே. ராமமூர்த்தி வயலின் கலைஞர். பாலக்காட்டு எம். எஸ். விஸ்வநாதன் ஆர்மோனியக் கலைஞர்; ஆறு வயது இளையவர். இருவரும் சி. ஆர். சுப்புராமனிடம் பணியாற்றியவர்கள். 1952இல் அவர் மறைந்தபின், அதே ஆண்டு 'பணம்' படத்தில் இணைந்தார்கள். மூத்தவரின் பெயர் இரண்டாவதாக வந்தது. 'பாசமலர்', 'கர்ணன்', வைத்தியசாலையிலேயே கதை நடக்கும் 'நெஞ்சில் ஓர் ஆலயம்' எல்லாம் இருவரும் சேர்ந்து தந்தவை.

1965இல், 'ஆயிரத்தில் ஒருவன்' படத்தோடு பிரிந்தார்கள். அதன்பின் விஸ்வநாதனுக்கு நூற்றுக்கணக்கான படங்கள்; ராமமூர்த்திக்குச் சில படங்களே. சேர்ந்து செய்த பாடல்களைக்கூட இன்று பலர் விஸ்வநாதன் பாடல் என்றே சொல்கிறார்கள். 1995இல் 'எங்கிருந்தோ வந்தான்' படத்தில் மீண்டும் சேர்ந்தார்கள். இடையில் முப்பது ஆண்டுகள் போய்விட்டன.

இதை இங்கே சொல்வதற்குக் காரணம் உண்டு. எமது வகுப்பில் பேராதனை மருத்துவ பீடத்துக்குப் போனவர்களின் பெயர்கள் இம்மண்டபத்தில் வாசிக்கப்பட்டன. உயர்தரப் பரீட்சைக்கு முன் இரவிரவாக எமக்கு இரசாயனவியல் சொல்லித் தந்தவளின் பெயர் வாசிக்கப்படவில்லை. தாயார் நோயில் விழுந்ததால் பரீட்சை எழுதாமலே அவள் தோட்டத்துக்குத் திரும்பிவிட்டாள். கடிதம் போடுவதாகச் சொன்னோம். போடவில்லை.

இருபது வருடங்களுக்குப் பிறகு, தாயாரின் கிளினிக் கொப்பியோடு வரிசையில் நின்றாள். எம்மைக் கண்டதும் "டொக்டர்" என்றாள். அந்த ஒரு சொல் எம்மைச் சுட்டது. பெயர் சொல்லிக் கூப்பிட்ட பிறகுதான் "அடி, மறக்கேல்லையா?" என்று கையைப் பிடித்தாள். தோட்டப் பாடசாலையில் இப்போது அவள் ஆசிரியை.

சகோதரிகளே, பிரிவது குற்றமில்லை. எமக்குக் கிடைத்த பேரில் பாதி யாருடையது என்பதை மறப்பதுதான் குற்றம். எமது சங்கப் பதிவேட்டில் முகவரி இல்லாத பெயர்கள் பல உள்ளன. ஆளுக்கு ஒருத்தியைத் தேடிப் பிடிப்போம். முப்பது ஆண்டுகள் காத்திருக்க வேண்டாம்.