சாட்சியத்தை மறைக்கலாகாது





ஹிஜ்ரி 5-ஆம் ஆண்டு. மதீனாவை நோக்கிப் பெரும்படை திரண்டு வருகிறது. நகரைக் காப்பது எவ்வாறு என்று நபி (ஸல்) அவர்கள் தோழர்களிடம் ஆலோசனை கேட்டார்கள். அகழ் தோண்டலாம் என்று சொன்னவர் எந்தக் கோத்திரத்தின் தலைவரும் அல்லர். பாரசீகத்தில் பிறந்து, அடிமையாக விற்கப்பட்டு, பின்னர் விடுதலை பெற்ற ஸல்மான் (ரலி) அவர்களே அதைச் சொன்னார்கள். அரபியருக்குப் பழக்கமில்லாத அந்த யோசனை ஏற்கப்பட்டது. நபியவர்கள் தாமே மண் சுமந்தார்கள். இந்நிகழ்ச்சியை நாம் ஸல்மான் (ரலி) அவர்களின் அறிவுக்குச் சான்றாகவே பெரும்பாலும் கூறி வருகிறோம். ஓர் எளிய மனிதரின் சொல்லுக்குச் செவி கொடுத்த தலைமையைப் பற்றி அவ்வளவாகப் பேசுவதில்லை. நாட்டின் பாதுகாப்பு என்பது அரசும் படையும் மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டிய காரியம் என்று நினைப்போர் இதைச் சற்றுச் சிந்திக்க வேண்டும்.

நம் கடற்கரை ஊர்கள் பலவற்றுக்குக் கொள்வினை கொடுப்பினை உள்ள நாடு இலங்கை. அங்கே 2019 ஏப்ரல் 21, ஈஸ்டர் ஞாயிறன்று, கொழும்பு, நீர்கொழும்பு, மட்டக்களப்பு நகரங்களில் மூன்று தேவாலயங்களிலும், கொழும்பின் ஆடம்பர ஹோட்டல்களிலும் குண்டுகள் வெடித்தன. 250-க்கும் மேற்பட்ட உயிர்கள் பறிபோயின. வழிபாட்டுக்கு வந்த குழந்தைகளும் அவர்களுள் அடங்குவர். செய்தவர்கள் நம் மார்க்கத்தின் பெயரைச் சொல்லிக்கொண்டவர்கள்.

அந்தக் கூட்டத்தின் தலைவன் ஸஹ்ரானைப் பற்றி முன்பே எச்சரித்தவர்கள் யார்? காத்தான்குடி முஸ்லிம்கள். 2017 மார்ச்சில் அவனுடைய ஆட்கள் அவ்வூரில் ஸூஃபி வழியினரோடு மோதி இரத்தம் சிந்தச் செய்தனர். அதன்பின் அவன் தலைமறைவானான். அவனுடைய பேச்சுகளைப் பற்றி ஊர் மக்கள் முறையிட்டிருந்தார்கள். முஸ்லிம் அமைப்புகளின் பொறுப்பாளர்களும் தாங்கள் அதிகாரிகளிடம் எடுத்துரைத்திருந்ததாகப் பின்னர் தெரிவித்தனர். 2018 டிசம்பரில் மாவனல்லைப் பகுதியில் புத்தர் சிலைகள் உடைக்கப்பட்டன. அந்த விசாரணைக்கு உதவிய முஸ்லிம் சகோதரர் ஒருவர், 2019 மார்ச்சில் தம் வீட்டில் உறங்கிக்கொண்டிருந்தபோது தலையில் சுடப்பட்டார். இதற்கிடையே ஜனவரியில், புத்தளம் மாவட்டம் வனாத்தவில்லுவில் ஒரு தென்னந்தோட்டத்திலிருந்து வெடிபொருட்கள் கைப்பற்றப்பட்டன. ஏப்ரல் 4 அன்று இந்திய உளவுத்துறையின் எச்சரிக்கையும் இலங்கைக்குச் சென்றது.

இத்தனைக்குப் பின்னும் தடுக்கப்படவில்லை. கிடைத்த தகவலின் மீது செயல்படத் தவறினர் என்று இலங்கை உச்ச நீதிமன்றம் 2023 ஜனவரி 12 அன்று தீர்ப்பளித்தது. முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன 10 கோடி ரூபாய் இழப்பீடு வழங்க வேண்டும் என்றும் உத்தரவிட்டது. குடிமக்கள் வாய் திறந்தார்கள். மேலே இருந்தவர்கள் செவி சாய்க்கவில்லை. ஸல்மானின் யோசனை கேட்கப்படாமல் போயிருந்தால் மதீனா என்னவாகியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

செவி சாய்த்தபோது என்ன நிகழ்ந்தது என்பதற்கும் அதே நாட்டில், அதே வாரத்தில் சான்றுண்டு. ஏப்ரல் 26, வெள்ளிக்கிழமை. கிழக்குக் கரையில் முஸ்லிம்கள் செறிந்து வாழும் சாய்ந்தமருது. புதிதாக வாடகைக்குக் குடியேறியவர்களின் போக்கில் அயலவருக்கு ஐயம் பிறந்தது. நமக்கேன் வம்பு என்று அவர்கள் கதவைச் சாத்திக்கொள்ளவில்லை. காவல்துறைக்குச் செய்தி போயிற்று. படையினர் அன்றிரவே வீட்டைச் சூழ்ந்தனர். உள்ளே இருந்தவர்கள் குண்டுகளை வெடிக்கச் செய்தனர். 15 உடல்கள் கிடந்தன. அவற்றில் ஆறு, சிறுவர்களுடையவை. பெற்றெடுத்த பிள்ளைகளையே பலியிட்ட அந்தக் கொடுமையை எந்த மார்க்கத்தில் சேர்ப்பது? அந்த வெடிபொருட்கள் வேறு எங்கே செல்லவிருந்தன என்பதை அல்லாஹ்வே அறிவான்.

சகோதரர்களே! நம்மில் சிலருக்கு ஒரு தயக்கம் உண்டு. ஒரு முஸ்லிமைப் பற்றி அதிகாரிகளிடம் கூறுவது கோள் சொல்வதாகாதா? புறம் பேசுவதாகாதா? இமாம் நவவி (ரஹ்) அவர்கள் 'ரியாளுஸ் ஸாலிஹீன்' நூலில், பிறரைப் பற்றி அவர் இல்லாதபோது பேசுவது அனுமதிக்கப்படும் ஆறு நிலைகளைக் குறிப்பிடுகிறார்கள். அநீதிக்கு எதிராக அதிகாரம் உள்ளவரிடம் முறையிடுவது அவற்றுள் ஒன்று. தீங்கு வருமுன் மக்களை எச்சரிப்பது மற்றொன்று. சாட்சியத்தை மறைப்பவனின் உள்ளம் பாவத்துக்குள்ளாகிறது என்று அல்பகரா அத்தியாயம் கற்பிக்கிறது. பெற்றோருக்கும் உறவினருக்கும் பாதகமாயினும் நீதிக்குச் சாட்சியாக நிற்க வேண்டும் என்பது அந்நிஸா அத்தியாயத்தின் கட்டளை. கொல்லப்படவிருந்தவர்கள் கிறிஸ்தவர்களாயிற்றே என்று இக்கட்டளையில் எவரும் விலக்குத் தேட இயலாது.

ஆனால் இதே வேதம் ஹுஜுராத் அத்தியாயத்தில், துருவித் துருவி ஆராய்வதையும் ஊகத்தையும் தடுக்கிறது. தீயவன் கொண்டுவரும் செய்தியைத் தீர விசாரிக்கச் சொல்கிறது. இந்த மறுபக்கத்தையும் இலங்கை முஸ்லிம்கள் பட்டறிந்தார்கள். குண்டுவெடிப்புக்குப் பின் வதந்தி பெருகியது. ஹஸலகவில் ஒரு பெண், தர்மச்சக்கரம் பொறித்த ஆடை அணிந்தார் என்று கைது செய்யப்பட்டுச் சிறை சென்றார். ஆடையில் இருந்தது கப்பலின் சுக்கான் சக்கரம்! குருநாகல் மருத்துவர் ஒருவர் சிங்களப் பெண்களுக்கு இரகசியமாகக் கருத்தடை செய்தார் என்று ஒரு நாளிதழ் முதல் பக்கத்தில் எழுதியது. குற்றப் புலனாய்வுத் துறைக்கு அதற்குச் சான்று கிடைக்கவில்லை. மே 13 அன்று வன்முறைக் கும்பல்கள் முஸ்லிம்களின் கடைகளையும் பள்ளிவாசல்களையும் தாக்கின; புத்தளம் மாவட்டத்தில் ஒரு முஸ்லிம் வெட்டிக் கொல்லப்பட்டார். சாய்ந்தமருதில் ஊரைக் காத்தவர்களின் சமுதாயமே இவ்வாறு நடத்தப்பட்டது. இப்படி நடத்தப்படும் மக்களிடமிருந்து அடுத்த முறை தகவல் வருமா என்பதை ஆள்வோர் எண்ணிப்பார்க்க வேண்டாமா? அஞ்சுகிறவன் வாய் மூடுவான். அந்த மௌனத்தில்தான் ஸஹ்ரான்கள் ஒளிந்துகொள்வார்கள்.

ஆகவே கண்ணால் கண்டதற்கும் மனத்தால் எண்ணியதற்கும் இடையே கோடு கிழித்துக்கொள்ளுங்கள். ஒருவர் தாடி வளர்த்தார், ஒருவர் நம் ஜமாஅத்தை விட்டு வேறு ஜமாஅத்தில் சேர்ந்தார் என்பன தகவல்கள் அல்ல. (நம் இயக்கச் சண்டைகளைக் காவல் நிலையம் வரை கொண்டு செல்வோர் இதைக் கவனிக்கவும்.) பிற மதத்தாரைக் கொல்வது ஆகும் என்று இளைஞர்களுக்கு ஒருவன் போதிப்பதும், ஆயுதமோ வெடிபொருளோ கைமாறுவதும் தகவல்கள். அவற்றை வாட்ஸ்அப்பில் பரப்பாதீர்கள். தனியாகச் செல்ல அச்சமிருந்தால் நிர்வாகிகள் இருவரை உடன் அழைத்துச் செல்லுங்கள். நாளையும் இடத்தையும் குறித்து எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு ஒப்புகை வாங்குங்கள். ஒரு மேசையில் அது உறங்கினால் அடுத்த அதிகாரியிடம் செல்லுங்கள். காத்தான்குடியின் முறையீடு எத்தனை மேசைகளில் உறங்கிற்றோ!

மாவனல்லைச் சகோதரர் உயிர் பிழைத்தார்; ஆயினும் பழைய உடல்நலம் திரும்பவில்லை. இன்றைய தொழுகைக்குப் பின் அவருக்காகவும், தேவாலயங்களில் உற்றாரைப் பறிகொடுத்த குடும்பங்களுக்காகவும் துஆச் செய்வோம்.