நோயின் அளவும் நோயாளியின் வாழ்வும்

(மருத்துவ விளக்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சொரியாசிஸ் என்னும் தோல் நோயை நம்மில் பலர் கண்டிருப்போம். சிவந்த திட்டுகளும் வெள்ளிச் செதில்களுமாக இருக்கும். உடலின் தற்காப்பு ஆற்றல் தடம் மாறுவதால் வருவது இது. தொட்டால் ஒட்டாது. இந்நோய் உள்ளவர்களில் ஒரு பகுதியினருக்கு மூட்டுகளும் பாதிக்கப்படுகின்றன. விரல் முழுவதும் வீங்கும், நகத்தில் சிறு குழிகள் விழும், காலையில் மூட்டுகள் இறுகிக் கிடக்கும். இதுவே சொரியாசிஸ் மூட்டுவாதம். பலருக்குத் தோல் நோய் வந்து சில ஆண்டுகள் சென்ற பின்னரே மூட்டு நோய் வருவதால், ஒன்றுக்கொன்று தொடர்புண்டு என்று யாருக்கும் தோன்றுவதில்லை.

பல்லாண்டுகள் மதிப்பெண் இட்டவன் என்ற முறையில், மருத்துவர்கள் இந்நோய்க்கு எப்படி மதிப்பெண் இடுகிறார்கள் என்று தேடிப் படித்தேன். அதைத்தான் இன்று சொல்ல வந்தேன்.

மூட்டுக்கு ஒரு கேள்வித்தாள் உண்டு. ஹெச்.ஏ.கியூ. என்பார்கள். அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் உருவாகி 1980இல் வெளிவந்தது. கடந்த ஒரு வாரத்தில் உடுத்த முடிந்ததா, எழ முடிந்ததா, நடக்க முடிந்ததா என்று 20 கேள்விகள். 0 என்றால் சிரமமில்லை, 3 என்றால் முடியவே இல்லை. இறைச்சியை வெட்ட முடிகிறதா என்றும் ஒரு கேள்வி! நம் வீட்டுச் சைவப் பாட்டி என்ன பதில் சொல்வார்? இந்தியாவில் மருத்துவர்கள் இதைத் திருத்தி, தரையில் சம்மணமிட்டு அமர்வதையும் சேர்த்துக்கொண்டது நல்ல காரியம்.

தோலுக்கு 1978 முதல் 'பாசி' என்னும் அளவு. சிவப்பு, தடிப்பு, செதில், பரப்பு ஆகியவற்றைப் பார்த்து 0 முதல் 72 வரை இடுவார்கள். இதில் கால்களுக்கு 40 விழுக்காடு பங்கு. தலைக்கும் முகத்துக்கும் சேர்த்து 10 விழுக்காடுதான்.

மூன்றாவது, வாழ்க்கைத் தரத்தை நேரடியாகக் கேட்கும் இ.கியூ.5டி. நடமாட்டம், தன்னைப் பேணுதல், அன்றாட வேலை, வலி, மனக்கவலை ஆகிய ஐந்தையும் பற்றி 'இன்று எப்படி' என்று கேட்கும். முழு நலம் 1, மரணம் 0. பல மருந்தாய்வுகளில் முதல் இரண்டு அளவுகளே கிடைக்கும். எனவே அவற்றிலிருந்து மூன்றாவதைக் கணித்துக்கொள்கிறார்கள்.

2010இல் பிரிட்டனின் நைஸ் என்னும் அமைப்பு எட்டனர்செப்ட், இன்ஃப்லிக்சிமாப், அடலிமுமாப் ஆகிய விலையுயர்ந்த மருந்துகளை ஆராய்ந்தபோது, யார்க் பல்கலைக்கழகத்தார் பயன்படுத்திய கணக்கு இது: 0.897இலிருந்து, மூட்டு மதிப்பெண் ஒவ்வொன்றுக்கும் 0.298 கழியும், தோல் மதிப்பெண் ஒவ்வொன்றுக்கும் 0.004 கழியும். பொதுப் பணம் எந்த மருந்துக்குச் செலவாகும் என்பது இத்தகைய கணக்கையும் பொறுத்தது. அம்மருந்துகளுக்கு அப்போது ஒப்புதலும் கிடைத்தது.

கணக்கைப் போட்டுப் பாருங்கள். மூட்டு 1, தோல் 0 உள்ளவருக்கு 0.599. மூட்டு 0, தோல் 20 உள்ளவருக்கு 0.817. இருபது என்பது கடுமையான தோல் நோய். ஆனால் கணக்கின்படி அவருக்குப் பெரிய குறையில்லை.

ஆயிரம் பேரின் சராசரிக்கு இந்தக் கணக்கு உதவும். எப்படியாவது கணக்கிட்டுத்தான் பொதுப் பணத்தைப் பங்கிட வேண்டும், அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் ஒருவரின் வாழ்வை அதில் தேடக்கூடாது. பிரசாதம் வாங்க நீட்டிய கையைச் சட்டென்று இழுத்துக்கொள்பவர்களை நம் சந்நிதியிலேயே கண்டிருக்கிறேன். உள்ளங்கைத் திட்டு பரப்பளவில் சிறிது. 'பாசி'யில் அரை மதிப்பெண்கூடத் தேறாமல் போகலாம். அந்த ஐந்து கேள்விகளிலும் அரிப்பைப் பற்றி ஒன்றுமில்லை, பிறர் பார்வையைப் பற்றியும் இல்லை. இக்குறையை ஆய்வாளர்களே உணர்ந்தார்கள். 2013இல் பிரிட்டனில் தோல் எரிச்சல், தன்னம்பிக்கை என்ற இரண்டு கேள்விகளைச் சேர்த்துச் சோதித்தார்கள்.

சொரியாசிஸ் உள்ள அன்பர்கள் மருத்துவர்முன் அமரும்போது, விரல் வீக்கத்தையும் காலை இறுக்கத்தையும் மறக்காமல் சொல்லுங்கள். அரிப்பினால் தூக்கம் கெட்டதையும், உறவினர் திருமணத்துக்குப் போகாமல் இருந்ததையும் அவர் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். வரிசையில் நிற்கும் மற்றவர்கள் அவர்கள் பக்கத்திலேயே நில்லுங்கள்.