சூரியனிலிருந்து வீசும் காற்று



முழுச் சூரிய கிரகணத்தின்போது, மறைந்த சூரியனைச் சுற்றி வெண்ணிற ஒளி ஒன்று தோன்றும். அதற்குக் கொரோனா என்று பெயர். மகுடம் என்பது பொருள். பத்து இலட்சம் பாகைக்கு மேல் கொதிக்கும் அம்மகுடத்திலிருந்து மின்துகள்கள் ஓயாமல் வெளியே பாய்கின்றன. இதுவே சூரியக் காற்று.

இக்காற்று எப்போதும் ஒரே வேகத்தில் வீசுவதில்லை. காரணம், மகுடத்திலுள்ள காந்தக் கோடுகள். பால்மரத்தில் பட்டை மூடியிருக்கும் இடத்தில் பால் உள்ளேயே நிற்கிறது. கத்தி பட்ட இடத்தில் வடிகிறது அல்லவா? அதுபோல, காந்தக் கோடுகள் வளைந்து மூடிய இடத்தில் துகள்கள் சிறைப்படுகின்றன. அவை விண்ணை நோக்கித் திறந்த இடத்தில், அதாவது மகுடத் துளைகளில், விநாடிக்கு 700 கிலோமீட்டர் அளவில் விரைகின்றன. மூடிய வளையங்களின் ஓரமாகக் கசியும் காற்றோ 400 கிலோமீட்டர் அளவில்தான் வரும்.

1958இல் யூஜின் பார்க்கர் என்ற இளம் அமெரிக்க அறிஞர் இக்காற்றைப் பற்றி எழுதினார். கட்டுரையைச் சோதித்த இருவர் ஏற்கவில்லை. அந்த ஆய்வேட்டின் ஆசிரியர் தமிழரான சுப்பிரமணியன் சந்திரசேகர். அவருக்கும் அக்கருத்து உடன்பாடில்லை. ஆயினும் கணக்கில் பிழை காணாததால் வெளியிட்டார். 1962இல் வெள்ளிக்கோளை நோக்கிச் சென்ற மரைனர் 2 விண்கலம் அக்காற்றை நேரிலேயே அளந்தது. 2021இல் பார்க்கர் பெயர் தாங்கிய விண்கலம் மகுடத்துக்குள்ளேயே நுழைந்தது.

பெற்றோர்களே, பிள்ளை புதிதாக ஒன்றைச் சொன்னால் சிரித்து ஒதுக்காதீர்கள். அது எப்படி என்று கேளுங்கள்.