விசேஷம் இல்லாத செவ்வாய்க்கிழமை

திருவண்ணாமலையில், ரமணாசிரமத்தைச் சுற்றியுள்ள தெருக்களில் கடை வைக்க நினைப்பவர்களுக்குக் கடன் விண்ணப்பம் எழுதித் தருவதும் கணக்குப் போட்டுத் தருவதும் என் வேலை. வருகிறவர்கள் கேட்பது, "சார், எப்ப திறக்கலாம்?"

பலரிடம் பதிலும் தயாராக இருக்கும்: கார்த்திகை தீபம், இல்லையென்றால் ஒரு பௌர்ணமி. நல்ல நாள் பார்ப்பதில் எனக்கு மாறுபாடில்லை. ஆனால் திருவிழாக் கூட்டத்தை நம்பிக் கணக்குப் போடாதீர்கள்.

கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர். ராஜகோபுரத்தில் புறப்பட்டவர் ஆசிரம வாசலுக்கு வரும்போது சுமார் 2 கிலோமீட்டர்தான் நடந்திருப்பார். கால் வலிக்காது, பசிக்காது, நிற்காமல் போய்விடுவார். இந்தத் தெருக்களை வாழவைப்பது வேறு ஆட்கள். மார்கழி, தையில் அறை எடுத்துத் தங்குகிறவர்கள் ஒரு பக்கம்; இங்கேயே குடியிருப்பவர்கள் இன்னொரு பக்கம். சித்திரை வெயிலில் முதல் கூட்டம் கரைந்துவிடும். குடியிருப்பவர்கள்தான் மிச்சம்.

ஓர் அம்மா வந்தார். கேழ்வரகுக் கூழும் இட்லியும் போட ஆசை. "தீபத்துக்குள்ள தொறந்துடணும் சார்" என்றார். பார்த்து வைத்திருந்த இடத்துக்கு வாடகை 9,000. ஒரு நாளைக்கு 300 ரூபாய். தட்டுக்குப் பத்து ரூபாய் நின்றால், வாடகைக்கு மட்டுமே 30 தட்டு போகணும். "விசேஷம் இல்லாத செவ்வாய்க்கிழமை அது போகுமாம்மா?" என்றேன்.

அட்வான்ஸ் கொடுக்காமல் வீட்டுத் திண்ணையிலேயே ஆரம்பித்தார். விற்றது, மீந்தது எல்லாம் ஒரு நோட்டில். அந்த நோட்டைப் பற்றி நாள் முழுக்கப் பேசுவேன், நேயர்களே! பெயர் தெரியாதவர்களுக்கு அவரே பெயர் வைத்திருந்தார்: 'பச்சைத் துண்டு', 'சைக்கிள் தாத்தா', 'பேப்பர் போடுற தம்பி'. மறுபடி வந்தால் பக்கத்தில் ஒரு கோடு. கூழ் எட்டு மணிக்குள் தீர்ந்தது, இட்லி மீந்தது, இட்லியைக் குறைத்தார். சித்திரையிலும் கோடுகள் குறையவில்லை. அப்போதுதான் "இடத்தைப் பிடிங்கம்மா" என்றேன். வைகாசியில், ஊர் வெயிலில் காய்ந்தபோது திறந்தார். தீபம் வந்தபோது அவருக்குக் கை பழகியிருந்தது.

பெரிய பால் நிறுவனமான ஹட்சனின் சந்திரமோகனும் 1970இல் 13,000 ரூபாய் முதலில் ராயபுரத்தில் குச்சி ஐஸ் செய்து தள்ளுவண்டியில்தான் விற்றார். சின்னதாகத் தொடங்கினால் கௌரவக் குறைச்சல் என்று வீட்டில் யாராவது சொன்னால், இதைச் சொல்லுங்கள்.

நேரம் நெருங்குகிறது. உணவுக் கடை என்றால் உணவுப் பாதுகாப்புப் பதிவு அவசியம். சிறு தொழில்களுக்கான உத்யம் பதிவுக்குக் கட்டணம் கிடையாது, யாருக்கும் பணம் கொடுக்காதீர்கள். மானியக் கடனுக்கு மாவட்டத் தொழில் மையத்தில் கேளுங்கள். தைக்குக் காத்திருப்பவர்கள் இந்த வாரமே நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கி, முதல் போணியை அதில் எழுதுவீர்கள் என்று நம்புகிறேன்.