ஜான் மார்கனின் சாவுகள்

சாப்பாடு இன்னும் முடியவில்லை என்றால் முதலில் முடித்துவிடுங்கள். பேச்சு கொஞ்சம் ரத்தமாகத்தான் இருக்கும்.

1980இல் லூசியோ ஃபுல்ச்சி எடுத்த இத்தாலியத் திகில் படம் ‘சிட்டி ஆஃப் தி லிவிங் டெட்’. பாப் என்ற அப்பாவிப் பையனைத் தன் மகளோடு பார்த்துவிட்ட தகப்பன், அவனைப் பட்டறை மேஜையில் சாய்த்துப் பிடிக்கிறான். துளைபோடும் இயந்திரம் சுழல்கிறது. இங்கே கேமரா முகத்தைத் திருப்பிக்கொள்ளும் என்று நினைப்போம். திருப்பாது. தலையின் ஒரு பக்கம் இறங்கிய முனை மறுபக்கம் வரும்வரை காட்டிவிட்டுத்தான் விடும்.

பாப்பாக நடித்தவர் ஜோவானி லொம்பார்தோ ராதிச்சே. 1954இல் ரோமில் பிறந்தவர். அப்பா பேர்பெற்ற கணித அறிஞர். பிள்ளையோ நாடகக்காரர். இந்தப் படங்களில் மட்டும் அவர் பெயர் ஜான் மார்கன். வெளிநாட்டில் விற்க இங்கிலீஷ் பெயர் வேண்டும் என்பது அன்றைய இத்தாலிய வியாபாரக் கணக்கு. இயக்குநர் அந்தோனியோ மர்கெரித்தியே ஆன்டனி டாசன் ஆகிவிட்டார் என்றால் பாருங்கள்!

அந்த டாசன் எடுத்த ‘கேனிபல் அபோகலிப்ஸ்’ படத்திலும் நம் ஆள் பிழைக்கவில்லை. வயிற்றில் குண்டு துளைத்த ஓட்டை வழியாகவே கேமரா பார்க்கும். ஆனால் அவர் திறமை சாவதில் மட்டும் இல்லை. ருஜ்ஜெரோ தெயோதாத்தோவின் ‘ஹவுஸ் ஆன் தி எட்ஜ் ஆஃப் தி பார்க்’ படத்தில், பணக்கார வீட்டு விருந்தில் அவரை ஆடவிட்டு வேடிக்கை பார்ப்பார்கள். கேலி செய்கிறார்கள் என்பது புரியாமல், சிரித்துக்கொண்டே ஆடுவார். எனக்கு ரத்தக் காட்சிகளைவிட அந்தச் சிரிப்புதான் தாங்கவில்லை.

1981இல் உம்பெர்த்தோ லென்சியின் ‘கேனிபல் ஃபெராக்ஸ்’. கேமரா முன்னால் உயிருள்ள விலங்குகளை நிஜமாகவே கொன்றார்கள். பன்றியைக் கொல்லச் சொன்னபோது ராதிச்சே மறுத்துவிட்டார். அந்தப் படத்தில் நடித்ததற்காகப் பின்னாளில் வெளிப்படையாகவே வருத்தப்பட்டார். மேக்கப் ரத்தம் வித்தை. பன்றியின் ரத்தம் வித்தை அல்ல. இதில் நான் அவர் கட்சி.

பிறகு இயக்குநர் ஸ்கார்செஸியின் ‘கேங்ஸ் ஆஃப் நியூயார்க்’கில் சின்ன வேடம், 2006இல் ‘தி ஓமென்’ படத்தில் பாதிரியார் வேடம். 2023இல் காலமானார்.

பார்க்க ஆசைப்படுகிறவர்கள் மிக்கேலே சோவாவி 1987இல் எடுத்த ‘ஸ்டேஜ் ஃப்ரைட்’ படத்திலிருந்து தொடங்குங்கள். நாடகக் குழு ஒன்றின் கதை; ராதிச்சேவுக்குத் தெரிந்த உலகம். ‘ஃபெராக்ஸ்’ மட்டும் வேண்டாம்.