மின்கலத்தின் உள்ளே ஓடுவது எது?

(அறிவியல் ஆசிரியர்களுக்கான பணியிடைப் பயிற்சியில் ஆற்றிய உரை)



மின்கலங்களின் வகைகளை நம் மாணவர்கள் தடையின்றி ஒப்பிப்பார்கள். உலர் மின்கலம் முதன்மைக் கலம். அதை மீண்டும் மின்னேற்ற முடியாது. காரீய அமிலக் கலம் துணைக்கலம், மின்னேற்றலாம். ஆனால், "கலத்தின் உள்ளே மின்னூட்டத்தைச் சுமந்து செல்வது எது?" என்று கேட்டுப் பாருங்கள். "எலக்ட்ரான்" என்ற பதிலே பெரும்பாலும் வரும். கம்பியில் ஓடுவது எலக்ட்ரான். கரைசலில் நகர்வது அயனி. இந்த வேறுபாடு புரியாதவரை வகைகள் வெறும் மனப்பாடம்தான்.

இதை விளக்க, டேனியல் 1836-இல் உருவாக்கிய கலம் போதும். ஒரு முகவையில் துத்தநாக சல்பேட் கரைசலும் துத்தநாகத் தகடும் இருக்கட்டும். மற்றொன்றில் காப்பர் சல்பேட் கரைசலும் தாமிரத் தகடும். தகடுகளை வோல்ட்மீட்டருடன் இணையுங்கள். முள் அசையாது. பொட்டாசியம் நைட்ரேட் கரைசலில் நனைத்த வடிதாள் பட்டையை இரு கரைசல்களிலும் படும்படி வையுங்கள். முள் ஏறத்தாழ 1 வோல்ட்டைக் காட்டும். பட்டையை எடுத்தால் மீண்டும் சுழி. "ஏன்?" என்று முதலில் மாணவர்களையே பேச விடுங்கள்.

துத்தநாகம் கரையும்போது ஒரு பக்கம் நேர் அயனிகள் கூடுகின்றன. மறுபக்கம் தாமிர அயனிகள் உலோகமாகப் படிவதால் சல்பேட் அயனிகள் மிஞ்சுகின்றன. இந்தச் சமனின்மையை உப்புப்பாலத்தின் அயனிகள் ஈடுசெய்தால்தான் வினை தொடரும்.

அடுத்து, 9 வோல்ட் மின்கலம், மின்தடை, எல்.இ.டி. கொண்ட சுற்றில் இரு கார்பன் தண்டுகளை இணைத்துச் சோதியுங்கள். உலர்ந்த உப்பில் விளக்கு எரியாது; உப்புக்கரைசலில் எரியும்; சர்க்கரைக் கரைசலில் எரியாது. திண்ம உப்பிலும் அயனிகள் உண்டு, நகர இடமில்லை. சர்க்கரை கரைந்தாலும் அயனியாவதில்லை. வீட்டு மின்சாரத்தை இச்சோதனைக்கு ஒருபோதும் பயன்படுத்தக் கூடாது.

இனி வகைகளுக்குத் திரும்புவோம். உலர் மின்கலத்தில் இருப்பது ஈரமான அம்மோனியம் குளோரைடு பசை. காரீயக் கலத்தில் நீர்த்த கந்தக அமிலம். கைப்பேசிக் கலத்தில் கரிமக் கரைப்பானில் கரைந்த லித்தியம் உப்பு. பெயர்கள் வேறு, அயனிகள் நகரும் பாதை எல்லாவற்றுக்கும் பொது.

ஈரக் கையால் சுவிட்சைத் தொடாதே என்கிறோம். குழாய் நீரிலும் வியர்வையிலும் அயனிகள் உண்டு என்று அறிந்த குழந்தை அந்த எச்சரிக்கையைக் காரணத்தோடு கடைப்பிடிக்கும். நம் பாடம் அங்கே ஓர் உயிரைக் காக்கலாம்.