செவி நரம்பில் தோன்றும் கட்டி

மருத்துவச் சொற்களைத் தமிழாக்குவோரைத் தயங்கச் செய்யும் பெயர்களுள் ஒன்று 'அக்கூஸ்டிக் நியூரோமா'. கேள்வி நரம்பில் எழும் நரம்புக்கட்டி என்பது அதன் நேர்ப்பொருள். உண்மையில் அக்கட்டி பெரும்பாலும் கேள்வி நரம்பில் தோன்றுவதில்லை, நரம்பிழையிலும் தோன்றுவதில்லை. மூளையிலிருந்து புறப்படும் எட்டாம் நரம்பு இருகூறுடையது. ஒரு கூறு கேட்டலுக்கும், மற்றது உடல் தள்ளாடாது நிற்பதற்கும் உரியன. பின்னதைப் போர்த்திய உறையின் உயிரணுக்களே கட்டியாகத் திரள்கின்றன. அவ்வணுக்கள் ஷ்வான் என்னும் ஜெர்மானிய அறிஞரின் பெயரால் வழங்குவதால், 'வெஸ்டிபுலர் ஷ்வானோமா' என்பதே இன்று ஏற்ற பெயராகக் கொள்ளப்படுகிறது.

கட்டி என்றதும் புற்றுநோயோ என்று அஞ்ச வேண்டுவதில்லை. இது பிற உறுப்புகளுக்குப் பரவும் இயல்புடையதன்று. பல கட்டிகள் ஆண்டுக்கணக்கில் வளராமலே கிடக்கும். வளர்வனவும் பெரும்பாலும் ஆண்டுக்கு 1 அல்லது 2 மில்லிமீட்டர் அளவே வளரும். எனினும் மண்டையோடு விரிந்து கொடுக்காத பெட்டகம். கட்டி பெருத்தால் முக நரம்பையும் மூளைத்தண்டையும் நெருக்கும். அந்நிலையில் உயிருக்கே இடர் நேரலாம்.

இதன் முதற்குறி மிக எளியது. ஒரு காது மட்டும் மெல்ல மந்தமாகும். தொலைபேசியை அக்காதில் வைத்தால் குரல் கேட்கும், சொல் விளங்காது. இடைவிடாத இரைச்சலும், நடையில் சிறு தள்ளாட்டமும் உடன் வரலாம். குறும்பி என்றும் முதுமை என்றும் கருதிப் பலர் வாளாவிருந்து விடுகின்றனர். ஒருகாது மந்தத்திற்குப் பெரும்பாலும் வேறு காரணங்களே உண்டு என்பது மெய். ஆயினும் ஆராய்ந்தே அதனைத் துணிதல் வேண்டும்.

இருகாதுகளின் கேட்குந்திறனையும் கருவியால் அளந்து, வேறுபாடு கண்டால், கடோலினியம் என்னும் மருந்தினைச் சிரையில் ஏற்றி எம்.ஆர்.ஐ. படம் எடுப்பர். சில மில்லிமீட்டர் கட்டியும் அதில் புலப்படும். இருபுறமும் கட்டி இருப்பின், அது 22-ஆம் குரோமோசோமைச் சார்ந்த பரம்பரைக் கோளாறாகலாம். குடும்பத்தாரையும் சோதித்தல் நலம்.

மருத்துவ வழிகள் மூன்று. சிறு கட்டியை ஆண்டுதோறும் படமெடுத்துக் கவனித்து வருதல் ஒன்று. கதிர்வீச்சைக் குவித்து அதன் வளர்ச்சியைத் தடுத்தல் மற்றொன்று. லெக்ஸல் என்பார் ஸ்டாக்ஹோமில் 1968-இல் நிறுவிய காமாக் கதிர்க்கருவியின் வழிவந்தது தில்லி எய்ம்ஸ் மருத்துவமனைக்கு 1997-இல் வந்தது. பெரிய கட்டிக்கு அறுவையே வழி. ஹார்வி குஷிங் இக்கட்டிகளைப் பற்றித் தனிநூல் எழுதிய 1917-இல், உயிரைக் காப்பதே பெருஞ்செயல். 1960-களில் வில்லியம் ஹௌஸ் நுண்ணோக்கியைப் பயன்படுத்தியபின், முக நரம்பைக் காத்தலும் கைகூடலாயிற்று. நம் நாட்டிலோ, ஜேகப் சாண்டி 1949-இல் வேலூரில் மூளை அறுவைத் துறையைத் தொடங்கி வழி திறந்தார்.

இழந்த செவிப்புலன் பெரும்பாலும் மீள்வதில்லை. ஆதலால் காலத்தே கண்டறிவதே பெரும்பயன். வேற்றுமொழி வழங்கும் ஊரில் மருத்துவரிடம் செல்லும் நம்மவர், எந்தக் காது, எந்நாள் முதல், தள்ளாட்டம் உண்டா என்பவற்றை எழுதி உடன்கொண்டு செல்வாராக. மொழி தடுமாறினும் குறிப்பு தடுமாறாது.